கண்டம்

ஆறு ஆஸ்பத்திரிக்கு நான் ஒருத்தி.
பையில் மல்டிமீட்டர், நாலைந்து ஃபியூஸ்,
எறும்பு தட்ட ஒரு பழைய டூத் பிரஷ்.
சூடான இடம் எதுவானாலும்
எறும்புக்குத் தெரிந்துவிடுகிறது.

தீர்ந்துபோன மிஷினுக்கு
ஆஸ்பத்திரிப் பேச்சில் கண்டம் என்று பேர்.
"அதக் கண்டம் பண்ணியாச்சு மேடம்" என்பார் பண்டாரம்
ஸ்டோர் சாவியை அரைஞாணில் இருந்து அவிழ்த்தபடி.
எட்டு வயதில் எனக்கும் ஒன்று இருந்தது,
நீரில்.
அந்த வருஷம் முழுக்க ஆற்றுப் பக்கம் விடாமல்
வாளித் தண்ணீரிலேயே குளிப்பாட்டினாள் அம்மா.
தாண்டிவிட்டேன்.
ரிஜிஸ்டரில் தாண்டுவதற்குக் கட்டம் கிடையாது.
சிவப்பு மை, மூன்று கையெழுத்து.

சேரன்மாதேவி ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில்
மார்கழி வெள்ளம் தொட்டவை நிற்கின்றன.
முழங்கால் உயரத்தில் சேறு கோடு கிழித்த வார்மர்.
வயிற்றில் தாமிரபரணி மணலோடு சக்‌ஷன் மிஷின்.
பல்லி முட்டையிட்ட மானிட்டர்.
எல்லாவற்றின் கழுத்திலும் ஒரே அட்டை.

ஆடிக் காற்றில் கரண்ட் வந்து வந்து போன ராத்திரி
ஞானசெல்வம் சிஸ்டர் போன் பண்ணினாள்.
"இருக்கது ஒரு வார்மர், அதுவும் சூடு காட்ட மாட்டேங்கு.
பிள்ள ஒண்ணே முக்காக் கிலோ.
நீ வாரியா,
இல்ல ஹைகிரவுண்டுக்கு ஏத்தி விட்ரட்டா?"

வீரவநல்லூரில் இருந்து டிவிஎஸ்ஸில் பத்து நிமிஷம்.
வழியில் நிறுத்தி
மதுரை கம்பெனிக்காரரை எழுப்பினேன்.
சீரியல் நம்பர் கேட்டார், சொன்னேன்.
ஒப்பந்தம் ஆனியோடு முடிந்துவிட்டது என்றார்,
கொட்டாவியோடு, மரியாதையாகத்தான்.

ஹீட்டரில் குறையில்லை.
குழந்தையின் தோலில் ஒட்டுகிற ப்ரோப்,
அதன் வயர்தான் மடிந்து மடிந்து உள்ளுக்குள் அறுந்திருந்தது.
பின்கட்டில் கண்டமான வார்மரின் ப்ரோப்
உச்சிக் கொக்கியில் தொங்கியது.
வெள்ளம் அவ்வளவு உயரம் ஏறவில்லை.
பண்டாரம் டார்ச் பிடித்தார்,
முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

ஒரு கக்கத்தில் தெர்மாமீட்டர், மறு கக்கத்தில் ப்ரோப்.
பிரசவ வார்டின் நடுவில்
சிறகு ஒடுக்கிய கோழி மாதிரி நின்றேன்.
அது முப்பத்தாறு புள்ளி ஆறு.
இது முப்பத்தாறு புள்ளி ஐந்து.
ஒரு புள்ளிக்கு நான் பொறுப்பு என்றேன்
யாரும் கேட்காமலே.

முப்பத்து நாலு புள்ளி எட்டில் தொடங்கியது.
நானும் சிஸ்டரும் நம்பரையே பார்த்துக்கொண்டிருக்க
பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவள்
"என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.
மிஷினைத்தான் கேட்கிறாள் என்பது
கொஞ்சம் பிந்தித்தான் எனக்கு விளங்கியது.

புரட்டாசியில் தணிக்கை.
வந்தவர் நல்ல மனிதர், வெயிலில் வந்திருந்தார்,
மோரை ஒரே மடக்கில் குடித்தார்.
"வார்மர், கண்டம், ஒன்று. ப்ரோப் எங்கே?"
வார்டில் இருக்கிறது, ஓடுகிறது.
"கண்டமானது எப்படி ஓடும்?"
ஏலத்துக்கு முழுசாகப் போக வேண்டுமாம்.
ஏலக்காரன் கிலோ கணக்கில்தான் எடுப்பான்;
ப்ரோப் நாற்பது கிராம் வருமா?
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்.
அரை அங்குலக் கட்டம்.
பிள்ளைக்கு என்ன பேர் வைத்தார்களோ.
ப்ரோப்பின் நம்பர் மனப்பாடம்.

அவர் ஜீப் ஏறிய பிறகு
மானிட்டரின் பின்மூடியைத் தட்டினார் பண்டாரம்.
வெறும் ஓடுகள் உதிர்ந்தன.
"குஞ்சு பொரிச்சுப் போயிட்டு மேடம்.
இதையும் ரிஜிஸ்டர்ல ஏத்தணுமா?"

சிரிக்க நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.
வள்ளியூரில் ஒரு ஈசிஜி
யாரைப் படுக்க வைத்தாலும் நேர்கோடு போடுகிறதாம்.
படுத்தவர்கள் எல்லாம் எழுந்து
டீக்கடைக்குப் போயிருக்கிறார்கள்.